சோலையம்மாள் அடுப்படி வழியாகப் போன வளைவு

1961ஆம் வருஷத்து முழுப் பரீட்சையில், ஓடைப்பட்டி மிஷன் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பரவளைவின் வாயை மூடிவிட்டார்கள். கிண்ணம் மாதிரி மேலே திறந்தே கிடக்க வேண்டிய வளைவு, வரைபடத் தாளின் ஓரம் வந்ததும் போக இடமில்லாமல் திரும்பி, இரண்டு கையும் சேர்ந்து பலாக்காய் ஆகியிருந்தது. ஒருவன் காம்புகூட வரைந்திருந்தான்.

அந்தத் தாள்களைத் திருத்திய அன்று பாக்கியவதி டீச்சர் வீட்டில் சோறு குழைந்துபோனது.

"ஏங்க, தாள் முடிஞ்சா வளைவும் முடிஞ்சிருமா?" என்று கணவரிடம் கேட்டார்.

நேசகுமார் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின்மேன். அவர் விரலைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன ஆர்டர் ஓடியது என்று தெரிந்துவிடும். அன்று பச்சை.

"எங்க பிரஸ்ல தாள் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிரும் பாக்கியம்" என்றார். "ரசத்த ஊத்து."

பாக்கியவதிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் படித்து, அங்கேயே ஆசிரியப் பயிற்சியும் முடித்து, கல்யாணமாகி இந்தக் கரிசல் காட்டுக்கு வந்தவர். எம். புதுப்பட்டிக்கு மேற்கே கிடந்த ஓடைப்பட்டியில் பாதிப் பேருக்கு வெடிக் கம்பெனியில் வேலை, மீதிப் பேருக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. பாக்கியவதிக்குத்தான் வேலை நிலையில்லை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். குடியிருந்த வீடும் பள்ளிக்கூடத்து வீடு. வேலை போனால் இரண்டு பெண் பிள்ளைகளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நிர்வாகக் குழுவில் ஒருவருக்குக் கணக்குப் படித்த மருமகன் விருதுநகரில் சும்மா இருந்தார். அடுத்த தை மாதம் கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிற சொல்லில்தான் அந்த இடம் பாக்கியவதிக்கா மருமகனுக்கா என்பது இருந்தது.

இந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ராகம் போட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு அடங்கி இருந்திருப்பார்கள். பாக்கியவதிக்கு அந்தப் பலாக்காய் கண்ணிலேயே நின்றது. பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள்: பிள்ளைகள் கையால், காலால் செய்து பார்த்ததை மறக்க மாட்டார்கள் என்று. அவர் அதை அப்படியே நம்பினார். சொல்லித் தந்தவர்களே அதை அவ்வளவு தூரம் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம்.

மார்கழியில் புது வகுப்புக்கு அந்தப் பாடம் வந்ததும் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். கொடிக்கம்பம் பூஜ்யம். அதிலிருந்து கிழக்கு மேற்காகச் சுண்ணாம்பால் ஒரு கோடு, அது எக்ஸ். தெற்கு வடக்காக ஒன்று, அது ஒய். ஒரு கஜம் ஓர் அலகு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளி. எக்ஸின் வர்க்கம்தான் ஒய் என்றால் யார் எங்கே நிற்க வேண்டும்? பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடினார்கள். கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. கிழக்கே இரண்டு, வடக்கே நான்கு. கிழக்கே மூன்று, வடக்கே ஒன்பது. மேற்கேயும் அதே மாதிரி. கொடிக்கம்பத்திலிருந்து இரண்டு பக்கமும் அழகாகக் கிண்ணம் எழும்பியது.

அடுத்தது கிழக்கே நான்கு, வடக்கே பதினாறு. பள்ளிக்கூடத்துச் சுவர் பன்னிரண்டிலேயே வந்துவிட்டது.

அந்தப் புள்ளி செல்லத்தாய் என்கிற பெண். சுவரை முட்டிக்கொண்டு நின்றாள். "டீச்சர், எம் புள்ளி சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. நான் இங்கனயே நின்னுக்கிறட்டா?"

"நின்னுக்கோ" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை கிடையாது. பாக்கியவதியால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது மறுபடியும் பலாக்காய்.

"சொவத்தக் கண்டா வளைவு நிக்காது. சுத்திப் போ."

சுவருக்கு அந்தப் பக்கம் சோலையம்மாள் வீடு. சோலையம்மாள் வெடிக் கம்பெனியில் திரி வெட்டி, கண்ணில் நீர் வழியத் தொடங்கியதும் நின்றுவிட்டவள். அளந்து பார்த்ததில் புள்ளி அவள் அடுப்படியில், அடுப்புக்கும் உரலுக்கும் நடுவில் விழுந்தது. மேற்கே நான்கு, நாகையாவின் மாட்டுத் தொழுவத்தில். கிழக்கே ஐந்து, வடக்கே இருபத்தைந்து என்பது பெத்தணன் காட்டில், கிணற்றை ஒட்டி. பெத்தணனுக்கு ஊரில் கொஞ்சம் நிலமும் நிறையப் பேச்சும் உண்டு.

பிள்ளைகள் மணிக்கணக்கில் அடுத்தவர் அடுப்படியில் நிற்க முடியாது. ஆகவே பாக்கியவதி மகளின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து, குச்சிகளில் கட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஊன்றச் சொன்னார். அடுப்படியில் மண் தரை, சுலபமாக இறங்கியது. அந்நேரம் சோலையம்மாள் விறகுக்குப் போயிருந்தாள். பெத்தணன் சந்தைக்குப் போயிருந்தார்.

பாக்கியவதிக்கு இரண்டு சங்கதிகள் தோன்றவில்லை. வெடிக் கம்பெனிகளில் மருந்து இருக்கிற இடத்தைக் காட்டத்தான் சிவப்புத் துணி கட்டுவார்கள். அதைக் கண்டால் இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட பீடிக்காரனைத் தள்ளிப் போகச் சொல்லும். இன்னொன்று, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக் கல் கிடக்கிறதாம், சிமெண்டுக் கம்பெனி வரப்போகிறதாம், அரசாங்கத்து ஆட்கள் அளந்துகொண்டு திரிகிறார்களாம் என்று அந்த வருஷம் பூராவும் டீக்கடைகளில் பேச்சு.

சாயங்காலத்துக்குள் ஓடைப்பட்டி முடிவுகட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து ரகசியமாக அளந்திருக்கிறார்கள். பாறை உடைக்க எங்கெங்கே வெடி வைப்பது என்று குறித்திருக்கிறார்கள். நாள் பார்த்து மருந்தையும் இறக்கிவிட்டார்களோ என்னவோ.

மறுநாள் காலையில் பாக்கியவதி பள்ளிக்கூடம் போகிற வழியில் சோலையம்மாள் தெருவில் கல்லைக் கூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தெருவுல அடுப்பு வச்சிருக்கீக?"

"நீங்கதான டீச்சரம்மா அங்கன சிவப்புத் துணி கட்டிட்டுப் போயிட்டீக."

"ஐயோ, அது வெறும் குச்சிக்கா! ஒரு கணக்கு. நீங்க உள்ள போய் அடுப்பப் பத்த வைங்க."

சோலையம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சிவப்புத் துணி கட்டுன எடத்துல தீயப் பத்த வைக்கச் சொல்றீக. நாங்க பதினாலு வருசம் கம்பெனில வேல பாத்தவுக. நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாது."

"அப்ப நானே வந்து பிடுங்கிர்றேன்."

"பிடுங்கவா?" சோலையம்மாள் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டீச்சரம்மா, எங்க அடுப்படிக்கிக் கீழதான் கல்லு இருக்குன்னு அரசாங்கமே சொல்லிருச்சு. வீட்ட எடுத்துக்கிட்டா எம் மவனுக்குச் சிமெண்டுக் கம்பெனில ஒரு வேல குடுக்காமயா போவாக? எந் தலையில மண்ணப் போட்றாதீக."

பெத்தணனுக்கோ நேர்மாறான கவலை. அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற மரியாதை ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம்.

"எங் கெணத்துல இப்பத்தான் ரெண்டாவது ஊத்துக் கண்ணு தெறந்திருக்கு. அங்கன வெடி வச்சா என்னத்துக்காகும்? கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க டீச்சரம்மா."

"அண்ணாச்சி, வெடியும் இல்ல, கல்லும் இல்ல. அந்தக் குச்சிய நீங்களே பிடுங்கி எறிஞ்சிருங்க."

"நானா?" பெத்தணன் ஒரு எட்டு பின்னால் போனார். "அதப் பிடுங்குறதுக்குன்னு ஆளு இருக்கும். எங் கையில ரெண்டு வெரல் கொறையணும்னு பாக்கீகளா?"

இப்படியாக, ஒரு பாவாடையின் கிழிசல்களைத் தொட ஓடைப்பட்டியில் ஆள் இல்லாமல் போயிற்று. தொடத் துணிந்த ஒரே ஆளான டீச்சரைச் சோலையம்மாள் கட்சிக்காரர்கள் தொட விடவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. வளைவு வேண்டும் என்று ஒரு கட்சி. வேண்டாம் என்று ஒரு கட்சி. சின்னத்தாய் என்பவள் மட்டும் தனிக் கட்சி. "எங்க வீட்டு வழியா மட்டும் ஏன் போகல? நாங்க என்ன ஊருக்கு ஆகாதவுகளா?" என்று அவள் தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து கேட்டுவிட்டுத்தான் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனாள்.

ஹெட்மாஸ்டர் அய்யாதுரை சரித்திரம் நடத்துகிறவர். எந்தப் போர் எதனால் மூண்டது என்று கேட்டால் நான்கு காரணம் சொல்லுவார். தம் பள்ளிக்கூடத்தில் மூண்டதற்கு ஒரு காரணம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"டீச்சர், கல்வி அதிகாரி வர்றதுக்குள்ள இந்த வளைவு இருந்த எடம் தெரியக் கூடாது. தெரிஞ்சா, அப்புறம் நீங்க இருந்த எடம் தெரியாது. நான் வெளிப்படையாச் சொல்லிட்டேன்."

"அது எடுக்க வர மாட்டேங்குது சார்."

"எடுக்க வரலைன்னா மாத்துங்க. கணக்குதான? மாத்த முடியாதா?"

பாக்கியவதி யோசித்தார். மாற்ற முடியும். அது பொய்யும் ஆகாது.

சனிக்கிழமை மைதானத்தில் ஊர் கூடியது. பிள்ளைகள் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றார்கள். எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் அரை என்று போட்டால் வளைவு அகலும் என்று பாக்கியவதி சொல்லிக் காட்டினார். பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். பெத்தணன் கிணறு தப்பியது. ஆனால் புது வளைவு சோலையம்மாள் வீட்டை விட்டுவிட்டுச் சின்னத்தாய் வாசலில் ஏறியது.

"பாத்தீகளா, பாத்தீகளா!" என்று சோலையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "எங் கல்லத் தூக்கி இவளுக்குக் குடுத்துட்டாக!"

"ஒங் கல்லா? எவ கல்லுடி அது? அரசாங்கக் கல்லு!" என்றாள் சின்னத்தாய். அதுவரை பள்ளிக்கூடத்து வாசலில் வந்து குறைபட்டவள் இப்போது இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"சரி, ரெண்டு பேருக்கும் பாதியாப் பிரிச்சுப் போடுங்க டீச்சரம்மா" என்றார் நாகையா. தொழுவத்தில் குச்சி இருந்ததால் அவருடைய மாடு நான்கு நாளாகத் தெருவில் நின்றது.

முக்கால் போட்டார்கள். அது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் போய் யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. முக்காலை எடுத்துவிட்டு, முதலில் போட்ட வளைவோடு மூன்றைக் கூட்டிப் போட்டார்கள். வளைவு அப்படியே மூன்று கஜம் வடக்கே நகர்ந்து, பெத்தணன் கிணற்றின் அந்தப் பக்கத்துக்குப் போனது. வெயில் ஏறியது. பிள்ளைகள் உச்சி மண்டை காய ஓடி ஓடி நின்றார்கள். பாக்கியவதி, ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டிய பாடம் அரை நாளில் முடிந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். அதைச் சொல்லிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

கடைசியில், "கழிச்சுப் போட்டா?" என்றான் ஒரு மாணவன்.

எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கிண்ணம் குப்புறக் கவிழ்ந்தது. வளைவு ஊரை விட்டுவிட்டுத் தெற்கே பார்த்து இறங்கிப் பள்ளிக்கூடத்து மைதானத்தைத் தாண்டிக் கண்மாய்க்குள் போனது. கண்மாய் புறம்போக்கு, அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. பெத்தணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுதான் நல்லாருக்கு. இப்படியே போட்ருங்க."

ஹெட்மாஸ்டர் அய்யாதுரை வேகமாக நடந்து வந்தார். கிழக்கே நான்கு, தெற்கே பதினாறு என்பது அவருடைய வீட்டுக் கக்கூஸ். செல்லத்தாய் அதன் வாசலில் கைகட்டி நின்றாள்.

"கழிக்கப்படாது டீச்சர்" என்றார், மூச்சு வாங்க. "எது வேணும்னாலும் பண்ணுங்க, கழிக்க மட்டும் கூடாது."

அன்று இரவு நேசகுமார் பரணில் இருந்து கோணிச் சாக்குகளை இறக்கினார். வெண்கலப் பானையை வைக்கோல் சுற்றி உள்ளே வைத்தார்.

"இப்பவே என்னத்துக்கு?" என்றார் பாக்கியவதி.

"கடைசி நேரத்துல கட்டுனா பீங்கான் ஒடஞ்சிரும்." அவர் விரல் இன்று சிவப்பாக இருந்தது. "ஏன் பாக்கியம், வளைவு சொவத்தோட நின்னுருதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன?"

"நிக்கலையே."

அவர் அடுத்த பானையை எடுத்தார்.

தை மாதம் கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். ஓடைப்பட்டிக்கு அதற்கு முன் ஜீப் வந்ததில்லை. சிமெண்டுக்காரர்தான் வந்துவிட்டார் என்று ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. அவர் வகுப்புக்குள் நுழையும்போதே ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை, எல்லாவற்றிலும் தலை.

அதிகாரி குள்ளமான, வியர்க்கிற மனிதர். வரிசையாகப் பள்ளிக்கூடம் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தார். நடக்கிற பாடம் பரவளைவு என்று கேட்டதும் கரும்பலகையில் ஒன்று போடச் சொன்னார். செல்லத்தாய் வந்து போட்டாள். பலகையின் விளிம்பு வந்ததும் சாக்பீஸை நிறுத்தாமல் சுவரில் ஏற்றி, எட்டுகிற மட்டும் கோட்டை இழுத்துவிட்டு, எட்டாத இடத்தைக் கையால் காட்டினாள்.

"பலகையோட நிறுத்தும்மா" என்றார் அதிகாரி.

"அது நிக்காது சார். சோலையம்மாக்கா வீட்டுக்குப் போகும்."

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பாக்கியவதி பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? வளைவு பள்ளிக்கூடத்த விட்டு வெளிய போகுமா?"

வகுப்பு முழுக்க டீச்சரைப் பார்த்தது. பாக்கியவதிக்குச் சாக்குக்குள் இருக்கும் வெண்கலப் பானை நினைவுக்கு வந்தது.

"போகும் சார். நாங்கதான் போகக் கூடாது. அது போகும்."

அதிகாரி என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே இருந்து பெத்தணன் கும்பிட்டார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். முன்னால ஒரு கழித்தல் போடச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

"எதுக்கு முன்னால?"

"எக்ஸுக்கு முன்னால."

"போடப்படாது ஐயா!" அடுத்த ஜன்னலில் சோலையம்மாள். "முன்னால ஒண்ணும் இருக்கக் கூடாது. மொதல்ல போட்டபடி போட்டாப் போதும்."

"முன்னால அரை!" சின்னத்தாயின் குரல் மட்டும் வந்தது, தலைக்கு ஜன்னலில் இடம் கிடைக்கவில்லை.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் அவரிடம் சம்பளம் கேட்டிருக்கிறார்கள், கூரை கேட்டிருக்கிறார்கள், மாற்றல் கேட்டிருக்கிறார்கள். எக்ஸுக்கு முன்னால் நிற்கிற கெழுவை மாற்றித் தரும்படி பொதுமக்கள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இந்த டீச்சர் சரியில்லைங்கிறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்த கூட்டமெல்லாம் வாத்தியாரை மாற்றச் சொல்லித்தான் கூடும். "வேற ஆள் இருக்கார்னு சொன்னாங்க. விருதுநகர்ல. மாத்தட்டுமா?"

பெத்தணன் கும்பிட்ட கையை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தவா?" என்றார் பெத்தணன். "ஐயா, இந்த அம்மாவுக்குத்தான் அதத் திருப்புற வித்த தெரியுது. நாங்க கண்ணால பாத்தோம். புதுசா ஒருத்தர் வந்து எப்படிப் போடுவாரோ? அவருக்கு எங் கெணறு எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"டீச்சரம்மாவத் தொடாதீக" என்றாள் சோலையம்மாள். "அவுகதான் எங்க வீட்டுல குச்சி நட்டவுக. அவுக போயிட்டா அது எந்தக் கணக்குல நட்டதுன்னு யாரு சாட்சி சொல்லுவா?"

"இவுகளே இருக்கட்டும்!" என்றது தலையில்லாத குரல்.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஊரில் அன்றுதான். ஆளுக்கொரு பக்கம் ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் கோபமாக இல்லை, வழிவிடவும் இல்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். நாகையா ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்கினார்.

அதிகாரி ஹெட்மாஸ்டரைத் தனியாக அழைத்தார். "இந்த அம்மா எத்தனை வருஷமாத் தற்காலிகம்?"

"ஆறு வருஷம் சார்."

"அடுத்த மாசத்துலருந்து நிரந்தரம்னு சொல்லிருங்க. இப்பவே, சத்தமாச் சொல்லுங்க. நான் ராஜபாளையம் போகணும்."

அய்யாதுரை படியில் ஏறி நின்று சொன்னார். ஜீப்புக்கு வழி கிடைத்தது.

பாக்கியவதி வீட்டுக்கு வந்தபோது நேசகுமார் நான்காவது சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நெரந்தரமாக்கிட்டாங்க."

கோணி ஊசி நின்றது. "பாடம் நல்லாருந்துச்சாமா?"

"பாடத்தப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லல" என்றார் பாக்கியவதி. அவருக்கு அது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. பிறகு உட்கார்ந்து, தைத்த சாக்கைப் பிரிக்கத் தொடங்கினார். ராத்திரிச் சோற்றுக்குப் பானை உள்ளே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் பெத்தணன் மறித்தார். மேலக்காட்டில் இன்னொரு கிணறு வெட்டப் போகிறாராம்.

"வெட்டலாமா டீச்சரம்மா? அந்தப் பக்கம் வராதுல்ல?"

"அண்ணாச்சி, நான் எத்தன தடவ சொல்றது? அது வெறும் பாடம்."

"தெரியும், தெரியும். நீங்க இப்ப நெரந்தரம். வெளிய சொல்லப்படாது." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாயால சொல்ல வேண்டாம். வெட்டலாம்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பசி. பாக்கியவதி மேலக்காடு எந்தப் பக்கம் என்று மனசுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வளைவு கிட்டத்தில்கூட வரவில்லை.

தலையை ஆட்டினார்.